கச்சத்தீவில் ஒரு ராத்திரி அக்கம்பக்கம்

தேர்தல் வந்தால் கச்சத்தீவு மேடையேறும். மீனவர் கைதானால் தலைப்புச் செய்தியாகும். யார் கொடுத்தார்கள், யார் மீட்பார்கள் என்பதைத் தாண்டி அந்தத் தீவைப் பற்றி நாம் பேசுவது குறைவு. ஆனால் ஆண்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, ராமேஸ்வரத்துக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் அந்தத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து எழுந்து வருகிறார்கள். அந்தோணியார் கோயில் திருவிழா. ஒரே ஒரு ராத்திரி. தங்கும் இடத்தில் பக்கத்துக்காரரோடு எப்படி நடந்துகொள்வது என்ற பாடத்தை இந்தக் கரைக்கு அந்த ராத்திரியைவிட நன்றாகச் சொல்லித்தரும் இடம் வேறு இல்லை. அந்தப் பாடத்தை மீதமுள்ள நாட்களில் நாம் கடலில் கடைப்பிடிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கச்சத்தீவு 285 ஏக்கர் நிலம். நீளம் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர், அகலம், மிக அகன்ற இடத்திலேயே 300 மீட்டர் சொச்சம். இந்தியக் கரையிலிருந்து 33 கிலோமீட்டர், இலங்கையின் நெடுந்தீவிலிருந்து 24 கிலோமீட்டர். குடியிருப்பு கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. திருவிழாவுக்காக இலங்கைக் கடற்படை தற்காலிக இறங்குதுறை போடுகிறது, கழிப்பறை அமைக்கிறது, தண்ணீர் கொண்டுவருகிறது. 2025 மார்ச்சில் நம் பக்கத்திலிருந்து மட்டும் 3,000 பேருக்கு மேல் போனார்கள். குறிகட்டுவானிலிருந்து படகேறி வரும் யாழ்ப்பாணத்து மக்களும், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வரும் சிங்களக் கத்தோலிக்கரும் சேர்ந்தால் அந்தச் சின்னத் தீவு ஒரே நாளில் ஓர் ஊராகிவிடும். மறுநாள் மதியத்துக்குள் ஊர் கலைந்துவிடும்.

இப்படி ஓர் இடத்தில் தங்குவதற்கு முதல் மரியாதை, தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே சுமந்து போவது. குடிதண்ணீர் இல்லாத இடத்தில் இன்னொருவர் கேனிலிருந்து ஒரு செம்பு கேட்பது சின்ன விஷயமல்ல. கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், அதனாலேயே கேட்கும் நிலைக்கு வந்துவிடக் கூடாது. வீட்டில் சொல்லிச் சொல்லி அனுப்புவார்கள்: "ஆளுக்கு ரெண்டு பாட்டில் கூட வச்சுக்க, பிள்ளைக இருக்கிற குடும்பம் பக்கத்துல இருந்தா குடுக்கலாம்." இதைவிட நல்ல முகாம் விதியை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. தனக்கென்று மட்டும் அளந்து எடுத்துப் போகாமல், பக்கத்தில் யார் வந்து படுப்பார்களோ அவர்களுக்கும் சேர்த்து எடுத்துப் போவது. யார் என்று தெரியாது, எந்த நாடு என்றுகூடத் தெரியாது.

அடுத்தது இடம். படகு ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர, கோயிலைச் சுற்றி இடம் பிடிக்க ஆரம்பிப்பார்கள். ஒரு படகில் வந்தவர்கள் ஒன்றாக உட்காருவார்கள். தார்ப்பாய் கட்டுகிறவர்களும் உண்டு, வெறும் பாய் விரித்துத் துண்டைத் தலைக்கு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இங்கேதான் ஒருவரின் வளர்ப்பு தெரியும். நாலு பேருக்குப் பத்துப் பேர் இடத்தை வளைத்துப் போட்டுப் பையை மூலைக்கு மூலை வைப்பவர் உண்டு. கோயிலுக்கும் கழிப்பறைக்கும் போகிற வழியை விட்டுத் தள்ளிப் பாய் விரிப்பவரும் உண்டு. ராத்திரி இருட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்து போகவேண்டியிருக்கும். அவள் யார் காலையும் மிதிக்காமல் போய்வர ஒரு முழ அகலத்துக்காவது தரை வேண்டும். பாய் விரிக்கும்போதே அதை நினைத்துப் பார்ப்பவர்தான் நல்ல பக்கத்துக்காரர். பெண்கள் படுத்திருக்கும் பக்கம் டார்ச்சைத் திருப்பாமல் தரையைப் பார்த்து அடிப்பதும், கொடியேற்றம், சிலுவைப்பாதை, திருப்பலி, தேர் எல்லாம் முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு செல்போனில் பாட்டை அலறவிடாமல் இருப்பதும் அதே வகை. மது கூடாது என்று கோயில் நிர்வாகமும் அரசும் சொல்கின்றன, சொல்லாவிட்டாலும் கூடாதுதான். குடித்த ஒருவன் ஒரு ராத்திரியில் நூறு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்துவிடுவான்.

அடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கூட்டமாகத் தங்கும் இடத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எல்லோருடைய ஆபத்து. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்த ஒன்பது பேர் இறந்தார்கள். 1997 ஏப்ரலில் ஹஜ் யாத்திரிகர்கள் தங்கும் மினா கூடாரங்களில் சமையலிலிருந்து பரவிய தீ 343 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் அங்கே தீப்பிடிக்காத கூடாரங்கள் வந்தன, கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதும் நின்றது. கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்பின் தெரியாத மனிதரோடு தோளோடு தோள் படுத்து எழுந்த மினா இரவுகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள். கச்சத்தீவுக்குக் கட்டுச்சோறு போதும். புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் ஒரு ராத்திரி தாங்கும்.

மரியாதை இங்கே வெறும் நாகரிகத்தோடு நின்றுவிடாததற்குக் காரணம், நாம் அங்கே விருந்தாளிகள். இதைச் சொன்னால் கோபப்படுவோர் உண்டு. தீவு ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனில் இருந்தது, கோயிலைக் கட்டியவர் நம் மாவட்டத்துச் சீனிக்குப்பன் படையாச்சி, பூசை வைக்கப் போனவர் தங்கச்சிமடத்துப் பங்குத்தந்தை என்று பழைய கதைகளை எடுத்து வைப்பார்கள். கோயில் 1905-ல் எழும்பியது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்த உறவை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்று கோயில் யாழ்ப்பாணம் மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2016 டிசம்பரில் திறந்த புதிய கோயில் இலங்கைக் கடற்படை கட்டியது. கொடியேற்றுகிறவர்கள் அவர்கள், தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது. அதே ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவுதான், இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்கு விசாவோ பயண ஆவணமோ கேட்கக் கூடாது என்கிறது. இரண்டு நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமல் ஒரே தரையில் ஒரு ராத்திரி தூங்கலாம் என்று எழுதிவைத்த ஒப்பந்தம் இந்தக் கடற்பகுதியில் வேறு எங்கே இருக்கிறது? ஒப்பந்தத்தைத் திட்டுகிறவர்கள்கூட அந்த ஒரு பிரிவைக் கைவிட்டுவிடக் கூடாது.

முன்காலத்துத் திருவிழாவைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டால் பொறாமையாக இருக்கும். இந்தப் பக்கத்துச் சேலையும் கைலியும் அந்தப் பக்கம் போகும்; அந்தப் பக்கத்துச் சோப்பும் தேங்காய் எண்ணெயும் இந்தப் பக்கம் வரும். காசு மாற்றும் வேலையே இல்லை, பொருளுக்குப் பொருள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உள்ள எத்தனையோ குடும்பங்களுக்கு மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் சொந்தம் இருந்தது. கல்யாணப் பேச்சு அந்த மணலில் தொடங்கியது உண்டு. பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது. திருவிழா நின்றது. 2002 போர்நிறுத்தத்தின்போது தலைகாட்டி, 2009-க்குப் பிறகுதான் நிலையாகத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை பக்கத்துக் கரைக்காரர் முகத்தையே பார்க்காமல் வளர்ந்துவிட்டது. இன்றைய சண்டையில் பாதிக்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். முகம் தெரிந்தவன் வலையை அறுக்க மனசு வராது.

வலை என்று சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேசாமல் முடியாது.

கடலும் தங்குமிடம்தான். ராமநாதபுரம் மாவட்டத்துப் பாக் நீரிணையில் இதை நன்றாக உணர்ந்து ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, விசைப்படகு. மீதி நான்கு நாள் நாட்டுப்படகு. விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் மடியில் நாட்டுப்படகுக்காரரின் வலை சிக்கிக் கிழிந்து, கைகலப்பும் சாவும் வரை போன பிறகு பிறந்த ஏற்பாடு அது. ஒரே நேரத்தில் இருவருக்கும் இடம் போதாது, ஆகவே நாளைப் பங்கு வைத்துக்கொள்வோம் என்ற முடிவு. அரசு மேற்பார்வை உண்டு, டோக்கன் உண்டு, மீறல்களும் உண்டு. ஆனாலும் பல பத்தாண்டுகளாக நிற்கிறது. பக்கத்துக்காரரோடு ஒத்துப்போவதற்கு இந்தக் கடலோரம் கண்டுபிடித்த மிக நல்ல வழி இது என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இதே மூன்று நாட்களுக்கு அக்கரையில் வேறு பெயர். திங்கள், புதன், சனி இந்திய இழுவைப்படகு வரும் நாள். அன்றைக்கு வலை விட்டால் காலையில் வலை இருக்காது என்று வடமாகாணத்து மீனவர்கள் அந்த ராத்திரிகளில் கடலுக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் வெளிப்பொருத்து இயந்திரம் மாட்டிய சின்னக் கண்ணாடியிழைப் படகு. சாயங்காலம் வலை விரித்துவிட்டு விடிய எடுக்கும் தொழில். போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போகத் தடை, இடப்பெயர்வு, முகாம். 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கி இறங்கியபோது, அந்தக் கடலில் நம் இழுவைமடிகள் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தன. நம் ஊர் நாட்டுப்படகுக்காரருக்காக நாம் வகுத்துக்கொண்ட ஒழுங்கு, நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே அந்தோணியாரிடம் மெழுகுவத்தி ஏற்றுகிற இன்னொரு நாட்டுப்படகுக்காரரின் வாரத்தில் மூன்று நாளைத் தின்றுகொண்டிருக்கிறது.

இதை எழுதும்போது ராமேஸ்வரத்து விசைப்படகுத் தொழிலாளியின் பக்கத்தை நான் மறக்கவில்லை. அவருக்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கும் கடல் குறுகல். கரையோரம் நாட்டுப்படகுக்கு ஒதுக்கப்பட்டது, அதைத் தாண்டினால் சீக்கிரமே எல்லைக்கோடு வந்துவிடுகிறது. டீசல், ஐஸ், வட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிடித்தாக வேண்டும். பிடிபட்டால் படகு அரசுடைமை, ஆட்களுக்குச் சிறை. 2017 மார்ச் 6 அன்று தங்கச்சிமடத்தைச் சேர்ந்த 22 வயது இளைஞர் நடுக்கடலில் சுட்டுக்கொல்லப்பட்டார். மீன் பிடிக்க வந்தவனைச் சுடுவதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் நியாயம் கிடையாது. அந்த வீட்டுக் கண்ணீருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த ஆண்டு நம் மக்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். சில நாட்களுக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்த ஊர் தேர் பார்க்கப் போகவில்லை. அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, அது துக்கம். ஆனால் 2024 பிப்ரவரியில், மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து மறுபடியும் புறக்கணித்தார்கள். கோபம் நியாயமானது. எடுத்த ஆயுதம் தவறு என்று நினைக்கிறேன். தண்டனை விதித்தது நீதிமன்றம். கைது செய்தது கடற்படை. அன்று பக்கத்துப் பாய் காலியாக இருப்பதைப் பார்த்தவர்கள் நெடுந்தீவு, புங்குடுதீவு, மன்னார் மீனவர்கள். யாரோடு உட்கார்ந்து பேசினால் மட்டுமே இந்தச் சிக்கல் தீருமோ, அவர்களைச் சந்திக்கும் ஒரே ராத்திரியை நாமே வேண்டாம் என்று சொன்னோம்.

பேச்சு நடக்காமல் இல்லை. 2010-ல் சென்னையில், 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும், 2015-ல் மறுபடி சென்னையில் என்று இருதரப்பு மீனவப் பிரதிநிதிகள் சந்தித்திருக்கிறார்கள். 2025 மார்ச் மாதக் கடைசியில் நம் மீனவத் தலைவர்கள் வவுனியாவுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அக்கரையார் கேட்பது ஒன்றே: இழுவைமடியை நிறுத்துங்கள். 2017-ல் இலங்கை தன் கடலில் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அதே ஆண்டு நம் அரசுகள், பாக் நீரிணை இழுவைப்படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்ற, ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, 2,000 படகு இலக்கு வைத்துத் திட்டம் தொடங்கின. இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. பாக் நீரிணையில் ஒரு நாள் போய்வந்து பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கச் சொன்னால், பயிற்சியும் துறைமுகமும் விற்பனை ஏற்பாடும் கூடவே வந்திருக்கவேண்டும். மானியம் மட்டும் வந்தது.

நம் கரைக்கு வரும் விருந்தாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையிலும் தெருவோரத்திலும் ஆயிரக்கணக்கில் தங்குகிறார்கள். முழுகிவிட்டுக் கட்டிய துணியைக் கடலிலேயே விடுகிறார்கள். அந்தத் துணி நாட்டுப்படகு வலையில் ஏறுகிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்ததிலிருந்து தனுஷ்கோடியும் அப்படித்தான். 1964 புயலில் அழிந்த ஊரைப் பார்க்க வருகிறோம் என்கிறார்கள், ஆனால் அங்கே இன்றும் குடிசை போட்டு மீன்பிடித்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பல பேர் கண்ணில் படுவதில்லை. அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்கிறார்கள். வலை காயும் மணலில் வண்டியை நிறுத்துகிறார்கள். இது நமக்கு எரிகிறது அல்லவா? அக்கரையில் வலை அறுந்து நிற்பவனுக்கு எப்படி எரியும் என்று இதை வைத்து யோசிக்கலாம்.

நான் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. கச்சத்தீவுத் திருவிழாவைப் புறக்கணிப்புப் பட்டியலிலிருந்து மீனவர் சங்கங்கள் நிரந்தரமாக எடுத்துவிடவேண்டும். வேலைநிறுத்தம் செய்யுங்கள், ரயில் மறியல் செய்யுங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் உட்காருங்கள். அந்த ஒரு ராத்திரியை விட்டுவிடுங்கள். அந்த வெள்ளிக்கிழமை கொடியேற்றத்துக்கு முன்னால், அதிகாரிகள் இல்லாமல், மண்டபத்தாரும் நெடுந்தீவாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இரு கரைகளின் மறைமாவட்டங்களும் ஒரு பந்தல் போட்டுக் கொடுக்கவேண்டும். வவுனியா வரை போகத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பந்தல் வரை போவது கஷ்டமில்லை. திருவிழாவை ஒட்டிய வாரத்தில் மூன்று நாளும் விசைப்படகுகள் எல்லையைத் தாண்டுவதில்லை என்று ராமேஸ்வரமும் மண்டபமும் தாங்களாகவே ஒரு முடிவெடுத்தால், அதை இலங்கைக் கடற்படை கவனிக்கிறதோ இல்லையோ, வலை விரிக்கும் மீனவர்கள் நிச்சயம் கவனிப்பார்கள். ஒரு வாரம் முடிந்தால் இரண்டு வாரம் முடியும். கிழக்குக் கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகை நிறுத்திவைக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்.

யாத்திரை போகிறவர்களுக்கு: அடுத்த திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கும்போதே தண்ணீருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் படுப்பவருக்கும் சேர்த்து. பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோன எதையும் அங்கே விட்டுவராதீர்கள். பக்கத்துப் பாயில் இருப்பவரிடம் ஊர் எது, தொழில் எது என்று கேளுங்கள். வலை போனதா, எத்தனை போனது, கடன் எவ்வளவு என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் உங்கள் படகு முதலாளியிடமும் சங்கத் தலைவரிடமும் அதை அப்படியே போய்ச் சொல்லுங்கள்.